5, 9 வயதுப் பிள்ளைகளோடு கிரீட் தீவு: பத்து இரவை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: மே கடைசியில் பள்ளி விடுமுறைக்கு, 5 வயதும் 9 வயதுமான இரண்டு பிள்ளைகளோடு கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறோம். பத்து இரவு. ஒரே ஊரில் தங்கி தீவு முழுக்கப் பார்த்துவிடலாமா? கார் அவசியமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ஒரே ஊரில் தங்கி முழுத் தீவையும் பார்க்க முடியாது. முயற்சி செய்தால் பிள்ளைகளுக்குக் காரின் பின்சீட்டுதான் நினைவில் நிற்கும். கிரீட் மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். மேற்கே ஹானியாவிலிருந்து நடுவே ஹெராக்லியோன் 140 கிலோமீட்டர், நல்ல சாலையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடகரையிலிருந்து தென்கரைக்கு வரைபடத்தில் ஒரு விரல்கடை தூரம்தான் தெரியும், ஆனால் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். கைபேசி வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாந்தி வரும் பிள்ளை என்றால் பாதியைக் கூட்டுங்கள்.

ஹானியா விமான நிலையத்தில் இறங்கி, ஹெராக்லியோனிலிருந்து திரும்புங்கள். ஏதென்ஸிலிருந்து இரண்டுக்கும் விமானம் உண்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் ஏழு இரவு மேற்கில், கடைசி மூன்று இரவு ஹெராக்லியோன் பக்கம். கிழக்குக் கோடியை இந்த முறை விட்டுவிடுங்கள். வாடகைக் காரை ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கும், சில வாங்காது. முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

மேற்கில் தங்க என் தேர்வு அல்மிரிடா அல்லது பக்கத்து ஊரான கலிவெஸ். அல்மிரிடா விரிகுடா ஆழமில்லாதது, அலை அடங்கியது, சாப்பாட்டுக்கடைகள் மணலை ஒட்டியே இருக்கின்றன. சின்னது தூங்கி வழியும்போது ஐந்து நிமிடத்தில் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அகியா மரினா, பிளதானியாஸ் பக்கம் விடுதிகள் அதிகம், கடற்கரையும் நன்றாக இருக்கும். ஆனால் ஊர் நடுவே பழைய நெடுஞ்சாலை ஓடுகிறது. அங்கே எடுப்பதானால் சாலைக்குக் கடல் பக்கம் இருக்கும் விடுதியாகப் பாருங்கள். இல்லாவிட்டால் மிதவையும் வாளியும் சுமந்தபடி, ஒரு நாளைக்கு நான்கு முறை பிள்ளைகளோடு அந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும்.

விடுதி என்பதைவிடச் சமையலறை உள்ள சிறு அடுக்ககம் உங்களுக்குச் சரி. பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: துணி துவைக்கும் இயந்திரம் உண்டா, நீச்சல்குளத்தைச் சுற்றி வேலி உண்டா, மாடி முகப்பின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? குடும்பமாக நடத்தும் பல இடங்களில் அறைக்கதவிலிருந்து நாலு எட்டில் வேலியில்லாத குளம் இருக்கும். 5 வயதுக்கு இது சின்ன விஷயமில்லை. அறை வாடகைக்கு மேல், ஓர் இரவுக்கு ஓர் அறைக்கு என்று அரசு வரி ஒன்றும் உண்டு. நட்சத்திரத் தரம் ஏற ஏற அது ஏறும், பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்ட வேண்டும்.

இனி கடல். மே கடைசியில் வெயில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். வங்கக் கடலின் 28, 29 டிகிரிக்குப் பழகிய பிள்ளை பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி வெளியே வரும். குளிர் தாங்கும் 2 மில்லிமீட்டர் நியோப்ரீன் ரப்பர் நீச்சல் சட்டை ஒன்று எடுத்தால் அதே பிள்ளை முக்கால் மணி நேரம் விளையாடும். செப்டம்பரில் போக முடிந்தால் தண்ணீர் 25 டிகிரி இருக்கும். பள்ளி அட்டவணை இடம் கொடுக்காதபோது இந்தச் சட்டைதான் வழி.

கிரீட்டில் தினமும் காலையில் முதலில் பார்க்க வேண்டியது காற்றின் திசை. வெப்பநிலை அப்புறம்தான். வடக்குக் காற்று அடித்தால் வடகரையில் அலை எழும். உடனே பலர் தெற்கே ஓடுகிறார்கள். அங்கே கடல் கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதைப் பார்த்து ஏமாறுவதும் அங்கேதான். அதே காற்று மலை இடுக்குகள் வழியாக இறங்கிக் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். பிளாக்கியாஸ் பக்கம் இது பலமாக இருக்கும். காற்றடைத்த மிதவை, பொம்மைப் படகு எதில் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் ஒரு வீச்சில் இருபது மீட்டர் உள்ளே போய்விடும். துரத்தி நீந்திப் பிடிப்பது பெரியவர்களாலேயே முடியாது. தென்கரையில் மிதவையைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். மிதவைச் சட்டை மட்டும் போதும். தெற்கிலிருந்து காற்று வந்தால் கதை தலைகீழ். அப்போது வடகரையில்தான் கடல் அமைதியாக இருக்கும்.

வடக்குக் காற்று நாளில் போக வேறு இடங்கள் இருக்கின்றன. ஹானியாவுக்கு அருகே அக்ரோதிரி முனையில் உள்ள மரதியும், லாடம்போல் வளைந்த ஸ்தாவ்ரோஸ் குடாவும் அடைப்பாக இருக்கும். அல்மிரிடாவிலிருந்து அரை மணி நேரத்தில் கூர்னாஸ் ஏரி. தீவின் ஒரே இயற்கை நன்னீர் ஏரி அது. மிதிபடகு, ஆமை, வாத்து என்று பிள்ளைகளுக்கு அரை நாள் ஓடிவிடும். அங்கிருந்து பக்கம்தானே என்று ஜார்ஜியூபோலியின் நீண்ட கடற்கரையில் இறக்கிவிடாதீர்கள். அலை இருக்கும் நாளில் அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் ஆபத்தானது. சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் தண்ணீரும் வேண்டாம்.

எலஃபோனிசி, பாலோஸ் கடற்கரைகள் இரண்டையும் எல்லாரும் கேட்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எலஃபோனிசி போதும். முழங்கால் ஆழத் தண்ணீரிலேயே எதிரே உள்ள சிறு தீவுக்கு நடந்து போகலாம். உடைந்த சிப்பித் துகளால் மணல் இடையிடையே இளஞ்சிவப்பாக இருக்கும், அதை எடுத்து வரத் தடை உண்டு. ஹானியாவிலிருந்து 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வளைவுச் சாலை. காலை 7 மணிக்குக் கிளம்பி 9-க்குள் சேர்ந்து, மதியம் 1 மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். பாலோஸுக்குக் காரில் போனால் கடைசி எட்டு கிலோமீட்டர் கல்சாலை. அதற்குப் பிறகு இறங்கி நடக்க வேண்டும், திரும்பும்போது வெயிலில் அதே ஏற்றம். பார்த்தே ஆக வேண்டுமென்றால் கிசாமோஸிலிருந்து படகில் போங்கள், காற்றில்லாத நாளாகப் பார்த்து.

கார் கட்டாயம் வேண்டும். நகரங்களுக்கு இடையே பேருந்து நன்றாக ஓடும், கடற்கரைகளுக்கு அப்படியில்லை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டும் இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் வண்டி எண்ணிக்கையில் குறைவு, மூன்று மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். ‘முழுக் காப்பீடு’ என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேருமா, கல்சாலையில் நடந்ததற்கு உண்டா என்று படித்துப் பாருங்கள். வடகரை நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர் நீங்கள் வலது ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்குவீர்கள் என்று எதிர்பார்ப்பார். பாதுகாப்பான இடம் வந்தால் வழி விடுங்கள், வளைவில் ஒதுங்காதீர்கள்.

135 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு அங்கே குழந்தை இருக்கை சட்டப்படி தேவை. உங்கள் பிள்ளைகள் இருவருக்குமே வேண்டியிருக்கும். வாடகைக்குத் தரும் இருக்கை பல நேரம் பழசாக இருக்கும். விமான நிலையத்திலேயே சோதித்துவிடுங்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பெரியவளோ பெரியவனோ உட்காரும் உயர்த்தும் இருக்கையில் பெல்ட் தோளின் நடுவே வர வேண்டும், கழுத்தில் உரசினால் அந்த இருக்கை சரியில்லை. கீழ்ப்பட்டை வயிற்றில் படாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் போனால் போகட்டும்.

வெயில் களிம்பு எவ்வளவு என்று பலரும் குறைத்தே கணக்கிடுகிறார்கள். நீச்சல் உடையில் இருக்கும் பெரியவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லி, பிள்ளைக்கு ஏறக்குறைய பாதி. நால்வருக்கு 90 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 200 மில்லி புட்டி ஒரே நாளில் காலி. முழுக்கை நீச்சல் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் போட்டால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். பாறையோரத்தில் கடல் முள்ளெலி இருக்கும், ஆகவே ரப்பர் அடிச் செருப்பு நால்வருக்கும்.

சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஃபாவா என்பது மஞ்சள் பருப்பு மசியல், நம் பிள்ளைகள் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். பெரிய வெள்ளை மொச்சைபோன்ற கிகாந்தெஸ், பார்லி ரொட்டிமேல் தக்காளியும் வெண்பாலாடைக்கட்டியும் வைத்த தாகோஸ், கலவைக் காய்க் கறியான பிரியாம் எல்லாம் நல்ல தேர்வு. அரிசி அடைத்த தக்காளி, குடமிளகாயில் சில கடைகளில் கொத்துக்கறி சேரும். ‘ஹோரிஸ் க்ரேயாஸ்’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேளுங்கள். விரதச் சாப்பாட்டை ‘நிஸ்திசிமா’ என்பார்கள். பால், முட்டை, இறைச்சி இருக்காது, ஆனால் இறாலும் கணவாயும் இருக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய பொறி கமோபிலாஃபோ. பார்க்க வெறும் குழைந்த வெள்ளைச் சோறு, வெந்தது ஆட்டு அல்லது கோழிச் சாற்றில். ஊர்க்காரர்கள் 9 மணிக்குத்தான் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். நீங்கள் 6.30-க்குப் போங்கள், கடற்கரை ஊர்களில் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். தயிர்சாதத்துக்குக் கடையில் கிடைக்கும் கெட்டித் தயிரில் பால் கலந்தால் போதும்.

கடைசி மூன்று இரவில் ஒரு காலை க்னோசோஸ், பழங்கால அரண்மனையின் இடிபாடு. ஹெராக்லியோனிலிருந்து 5 கிலோமீட்டர். நுழைவுச் சீட்டை நேரம் குறித்து இணையத்தில் வாங்கி, 8 மணிக்குக் கதவு திறக்கும்போதே நுழையுங்கள். நிழல் குறைவு, ஒன்றரை மணி நேரம் போதும். முந்தின இரவே கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை அரக்கன் மினோடார், டீடலஸ், அவர் மகன் இகாரஸ் கதையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் 5 வயதுக்கு அது வெறும் கல். சிவப்புத் தூண்களெல்லாம் 1900-இல் அகழத் தொடங்கிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் ஈவான்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை என்று பெரிய பிள்ளைக்குச் சொல்லலாம். எது பழசு, எது புதுசு என்று தேடுவதே அதற்கு ஒரு விளையாட்டு. பிறகு நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காளை தாண்டும் ஓவியத்தின் முன் நிறுத்துங்கள். ஒருவர் கொம்பைப் பிடித்திருக்கிறார், ஒருவர் முதுகின்மேல் குட்டிக்கரணத்தில், ஒருவர் பின்னால் கை நீட்டி நிற்கிறார். மறுநாள் கூர்னெஸில் உள்ள கடல்வாழ் உயிரிக் காட்சியகம்.

ஹானியாவின் வெனிசியத் துறைமுகத்துக்கு மாலையில் போங்கள். கரை விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது, கீழே ஆழத் தண்ணீர், மக்கள் நெரிசல். சின்னவரின் கையை விடாதீர்கள். தள்ளுவண்டி அந்தக் கல்பாவிய சந்துகளில் உருளாது. 16 கிலோமீட்டர் சமரியா பள்ளத்தாக்கு இந்த வயதுக்கு வேண்டாம். நடக்க ஆசையென்றால் இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கில் காலை ஒரு மணி நேரம் இறங்கி, வந்த வழியே ஏறிவிடலாம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதப் பயணத்துக்கு பிப்ரவரியிலேயே நேரம் பிடியுங்கள், கோடைக்கு முன் இடம் கிடைக்காது. 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பமும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் சின்னவருக்கும் தனியாக வேண்டும்.