பளபளக்கும் ஜீப்

அன்புள்ள சார்,

அப்பா போடியில் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். எனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்று பத்து வருட ஆசை. இங்கே ஒரு மகிந்திரா எம்எம்540, 1994 மாடல், முழுக்க ரீஸ்டோர் செய்தது, நாலே முக்கால் லட்சம் சொல்கிறார்கள். படங்கள் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? கொஞ்ச நாளில் பழங்கால வண்டிகளுக்குத் தரும் வின்டேஜ் நம்பர் கிடைக்கும் என்றும் விற்பவர் சொல்கிறார்.

ர., கோவை

அன்புள்ள ர.,

படங்களைப் பார்த்தேன். ஆலிவ் பச்சை, புது ஹூட், அகல டயர், பம்பரில், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச். ஒன்பது படத்தில் ஒன்றுகூட வண்டிக்கு அடியில் படுத்து எடுத்ததில்லை.

நானும் இப்படிப் பளபளப்பைப் பார்த்து ஒன்று வாங்கியவன்தான். முதல் மழையில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் மேட் ஊறிப்போனது. மேட்டைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் தட்டினால், ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி பிஸ்கட் போல உடைந்து விழுந்து, ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. தகரம் என்று நான் பணம் கொடுத்ததில் பாதி பட்டி. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். அது பிடிக்காமல் வழுக்குகிற இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் அப்பியிருந்தால் வெல்டிங் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் நினைப்பேன்.

அடுத்தது என்ஜின். எம்எம்540இல் வந்தது பூஜோவின் 2112 சிசி டீசல். உதிரி பாகம் தேடி அலைய முடியாமல் பலரும் மகிந்திராவின் 2.5 லிட்டர் டிஐ என்ஜினை மாட்டிவிடுவார்கள். ஓட்டுவதற்கு அதில் ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் மாற்றியதை ஆர்.சி.யில், அதாவது பதிவுப் புத்தகத்தில், ஏற்றினார்களா என்று கேளுங்கள். பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப்களில் இன்னும் வேடிக்கை: புத்தகத்தில் பெட்ரோல், பானெட்டைத் திறந்தால் டீசல். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் நீங்களே துடைத்துப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் வாயைத் திறக்க முடியாது.

சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1994 வண்டி என்றால் இதற்குள் நான்கு முறை புதுப்பித்திருக்க வேண்டும். கடைசித் தேதியைப் பாருங்கள்.

வின்டேஜ் கதையை விடுங்கள். 2021இல் வந்த விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும், பெரிதாக எதையும் மாற்றியிருக்கவும் கூடாது. அதாவது 2044. அப்போதும் அந்த நம்பரை வைத்துக்கொண்டு தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

அகல டயர் போட்டால், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைப் பார்க்கிங்கில் திருப்பும்போது தோள் கழன்றுவிடும். வின்ச் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

சரி, ஆசையை விடச் சொல்லவில்லை. பார்க்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, காலையில் அப்பாவையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டு வளைக்காதீர்கள்; முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கியர் இறுகிவிடும். மண் தரையில் போட்டுப் பாருங்கள்.

அடியில் எடுத்த படங்களும் ஆர்.சி.யின் படமும் அனுப்புங்கள். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.