பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்

குடும்பச் சுற்றுலா: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடும்பமாகப் பத்து நாள் போகிறோம். கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ், மோன்யுமென்ட் வேலி, யெல்லோஸ்டோன் என்று தொடங்கி ஒன்பது இடம் எழுதி வைத்திருக்கிறேன். முடியுமா?
(இரண்டு பிள்ளைகளின் தந்தை)

முடியும். ஒன்பது இடத்திலும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தப்பைச் செய்தவள் நான். நாங்கள் ஐந்து பேர். நானும் கணவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் உச்சி வெயிலில் போய் இறங்கினோம். சூரியன் தலைக்கு மேலே நின்றால் பள்ளத்தில் நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் ஆழம் தெரியாது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பள்ளம், எங்களுக்கு வெளுத்துப்போன திரைச்சீலை மாதிரி தெரிந்தது. “இவ்வளவுதானா?” என்றான் மகன். நாற்பது நிமிஷத்தில் கிளம்புவதாகத் திட்டம். கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால்தான் அன்று ராத்திரி அங்கே தங்கினோம்.

மறுநாள் விடியுமுன் மாமியார் என்னைத் தட்டி எழுப்பினார். எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். இருவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு விளிம்புக்குப் போய் உட்கார்ந்தோம். முதலில் எதிர்ப்பக்கத்து உச்சியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். மேலே இருப்பது வெளிறிய சுண்ணாம்புப் பாறை, வயது சுமார் 27 கோடி வருஷம். அந்தக் கோடு இறங்க இறங்க, கீழே செவ்வடுக்கு, அப்புறம் பச்சை கலந்த சாம்பல் அடுக்கு என்று ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தது. அடியில், கொலராடோ ஆற்றை ஒட்டிக் கறுப்பாகக் கிடக்கும் பாறைக்கு வயது சுமார் 180 கோடி. வெளிச்சம் அதுவரை போய்ச் சேரவே இல்லை. அதற்குள் மாமியார் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, “ஏம்மா, நேத்துப் பார்த்தது வேற இடமா?” என்று கேட்டார்.

ஆக, உங்கள் பட்டியலில் பாதியை அடியுங்கள். முதலில் யெல்லோஸ்டோன். நல்ல இடம்தான், ஆனால் கிராண்ட் கேன்யனிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்குத் தனியாக இன்னொரு வருஷம் போங்கள். நீங்கள் பெயர் சொன்னதில் மிச்சமுள்ள நாலு இடமே பத்து நாளுக்குச் சரியாக இருக்கும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவதையும் நம்பாதீர்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்பு நேர்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர். காரில் போனால் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய 340 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். குளிர்காலத்தில் வடக்கு விளிம்புக்குப் போகும் சாலையையே மூடிவிடுவார்கள்.

கிராண்ட் கேன்யனுக்குள் பிள்ளைகளோடு நடந்து இறங்கலாமா?

கொஞ்ச தூரம் இறங்கலாம். மலை ஏறும்போது கஷ்டம் முதலில் வரும், களைத்தால் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். சுலபமான பாதி முதலில் வந்து ஆளை மயக்கிவிடும். இறங்குவதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும். அடிவாரத்தில் வெயில் விளிம்பைவிடப் பத்து டிகிரிக்கு மேல் அதிகமாக இருக்கும். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. உங்கள் சின்னப் பிள்ளை எப்போது “கால் வலிக்குது” என்று சொல்லுமோ, அதற்கு வெகு முன்னாலேயே திரும்புங்கள்.

பயணத்தில் நீங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் எது?
(சும்மா தெரிந்துகொள்ளத்தான்)

சும்மாவா கேட்கிறீர்கள்! சரி, சொல்கிறேன். அரிசோனா மாநிலத்தில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் இல்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியில் தள்ளுவார்கள். மோன்யுமென்ட் வேலி அவர்களுடையது. ஜீப்பில் சுற்றிப் பார்க்கப் பதிவு செய்துவிட்டு, கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம் என்ற பெருமையோடு போய் நின்றோம். ஜீப் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கணவர் கைக்கடிகாரத்தை நீட்டி வாதாடினார். அங்கே இருந்த பெண் ஒன்றும் பேசவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினாள். அவருக்கு இன்னமும் அந்தச் சுவர்மேல்தான் கோபம்.

பதின்மூன்று வயது மகனுக்கு இடிந்த கட்டடம் என்றாலே கொட்டாவி வருகிறது. இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான பாம்பேய்க்கு அழைத்துப் போவது வீணா?

கட்டடத்தைக் காட்டினால் வீண். தெருவைக் காட்டுங்கள்.

பாம்பேய் தெருக்களில் குறுக்கே பெரிய பெரிய கற்கள் வரிசையாக நிற்கும். தெருவில் தண்ணீரும் கழிவும் ஓடும், அதில் கால் வைக்காமல் தாண்டுவதற்காகப் போட்டவை. கற்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று மகனிடம் கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அவனே குனிந்து பார்ப்பான். வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் இரண்டு பக்கமும் அந்த இடைவெளி வழியாகவே போகும். கருங்கல் தரையில் விரலை வைத்தால் உள்ளே இறங்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கும் இடங்கள் உண்டு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரைச் சாம்பலில் புதைத்த பிறகு அந்தத் தடத்தில் வண்டி ஓடவே இல்லை. என் மகன் அந்தப் பள்ளத்தில் கைக்குட்டையைப் போட்டு அகலம் அளந்தான். அப்புறம் மதியம் வரை அவனை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கவில்லை, நாங்கள்தான் அவன் பின்னால் ஓடினோம்.

ஒரு வீட்டு வாசல் தரையில் நாய் படம் பதித்து, ‘நாய் ஜாக்கிரதை’ என்று லத்தீனில் எழுதியிருக்கும். அதற்கும் சிரிப்பான். இறந்தவர்களின் உருவங்களை மட்டும் யோசித்துக் காட்டுங்கள். உடல் மட்கிப்போய்ச் சாம்பலில் மிஞ்சிய வெற்றிடத்தில் சாந்து ஊற்றி எடுத்தவை அவை. 1863இல் ஃபியொரெல்லி என்ற தொல்லியல் அறிஞர் அந்த முறையைக் கையாண்டார். அச்சாக மனிதர்களாகவே இருப்பார்கள். என் மகள் அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை.

தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். நிழல் ரொம்பக் குறைவு.

அறுபத்தெட்டு வயது அப்பாவோடு பெரு நாட்டு மலைமேல் இருக்கும் மாச்சு பிச்சு போகலாமா? உயரம் பயமாக இருக்கிறது.

உயரத்துக்குப் பயப்படுவது சரிதான், பயப்படும் இடம்தான் தப்பு. மாச்சு பிச்சு இருப்பது 2,430 மீட்டர் உயரத்தில். விமானம் இறங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர்! தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குவது எல்லாம் முதலில் அங்கேதான் வரும். எனவே இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல், சில நூறு மீட்டர் தாழ்வாக உள்ள உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போய் இரண்டு ராத்திரி தூங்கட்டும். அங்கிருந்தே ரயிலில் மாச்சு பிச்சு போய்விடலாம். குஸ்கோவைத் திரும்பும்போது பாருங்கள், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். டிக்கெட் எடுக்குமுன் அப்பாவை அவருடைய மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ இருந்தால் அவர் சொல்வதுதான் முடிவு, என் பத்தி இல்லை.

அங்கோர்வாட்டில் சூரிய உதயம் பார்க்க நாலரை மணிக்கு எழுந்து போகத்தான் வேண்டுமா?

கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் சூரியன் அதன் முதுகுப்பக்கம் எழும்பும், உங்களுக்குக் கறுப்பு நிழலுருவம்தான் கிடைக்கும். அழகுதான், எனக்கும் அந்தப் படம் உண்டு. ஆனால் கல்லின் முகத்தைப் பார்க்க மாலை நாலு மணிக்குப் போங்கள். கிழக்குச் சுற்றுச்சுவரில் பாற்கடல் கடையும் காட்சி கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். விடியற்காலைக் கூட்டம் அறைக்குத் திரும்பிப் படுத்த பிறகு அந்த இடம் காலியாகக் கிடக்கும்.

நயாகராவில் வானவில் எந்தப் பக்கம் தெரியும்?

சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், அவ்வளவுதான். கனடா கரையில் மதியத்துக்குப் பிறகு, அமெரிக்கக் கரையில் காலையில். கோடையில் போனால் பகலிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1950ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி, பயணிகள் வரும் பருவத்தில் பகலில் விழவேண்டிய தண்ணீரில் பாதி அளவு ராத்திரியில் விழுந்தால் போதும். மற்றதை மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

யெல்லோஸ்டோனில் ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ வெந்நீர் ஊற்றுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது. எப்போது பீறிடும் என்று எப்படித்தான் சொல்கிறார்கள்?

போன தடவை எவ்வளவு நேரம் பீறிட்டது என்பதை வைத்துத்தான். இரண்டரை நிமிஷத்துக்குள் நின்றுவிட்டால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அப்படியும் பத்து நிமிஷம் முன்பின் ஆகலாம். பிள்ளைகள் கையில் கடிகாரத்தைக் கொடுத்து அடுத்த தடவைக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மரப்பாதையை விட்டு மட்டும் இறங்க விடாதீர்கள். மேலே மெல்லிய ஓடு, கீழே கொதிக்கும் தண்ணீர்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன புரியும்?
(இந்தக் கேள்வியை இந்த மாதம் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

போன வருஷம் என் பேத்தியோடு வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே போனோம். கடலுக்குள் இறங்கும் சுமார் 40,000 கல் தூண்கள். கிட்டத்தட்ட ஆறு கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது, குளம் காய்ந்தால் சேறு வெடிக்குமே, அந்த மாதிரி வெடித்தது. நான் இதை விளக்க ஆரம்பித்ததுமே அவள் நழுவிவிட்டாள். கொஞ்ச தூரத்தில் ஒரு தூணின் தலைமேல் நின்று, அதன் ஓரத்தைக் குதிகாலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு. அடுத்ததில் ஆறு. அதற்கடுத்ததில் ஐந்து! அதற்குள், எட்டுப் பக்கம் உள்ளதும் ஒன்றிரண்டு இருக்கிறது என்று யாரோ அவளிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அலை பட்டுக் கறுத்த கற்கள் வழுக்கும் என்பதால் நான் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். மூன்று மணி பஸ்ஸை விட்டோம், நாலு மணி பஸ்ஸையும் விட்டோம். எட்டு கிடைக்கவில்லை. ஏழுதான் இரண்டு கிடைத்தது.