நுரை பொங்கினால் உப்புக்கறை போய்விடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். குளியலறைக் குழாயிலும் டைல்ஸிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. தவழும் குழந்தை இருப்பதால் ஆசிட் ஊற்றப் பயம். வீடியோ பார்த்து வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றினேன். நன்றாக நுரைத்தது, கறை அப்படியே இருக்கிறது. பழத்தோலை ஊறவைத்துச் செய்கிற பயோ என்சைம் என்ற கழுவும் திரவத்தைச் செய்யக் கற்றுத்தருவதாக ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். டீலர்ஷிப்பும் தருவாராம். சேரலாமா? (ஒரு வாசகி, திருப்பூர் மாவட்டம்)

பதில்: சேர வேண்டாம் அம்மா. உங்கள் குழாய்க்கு வேண்டியது மளிகைக் கடையிலேயே கிடைக்கும்.

முதலில் அந்த நுரையைப் பார்த்துவிடுவோம். உப்பு உப்பு என்கிறோமே தவிர, குழாயில் படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான், அதாவது கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீருக்கு அசையாது, புளிப்புக்குக் கரையும். வினிகர் புளிப்பு. ஆப்ப சோடா அதற்கு நேரெதிர். இரண்டையும் கலந்தால், கறையைக் கரைக்க வேண்டிய புளிப்பைச் சோடாவே தின்றுவிடும். பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு வாயு. அது அடங்கியபின் மிஞ்சுவது ஏதோ ஒரு உப்புக் கரைசல், கறைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கேமராவுக்கு நுரை வேண்டும், அதனால் கலக்கிக் காட்டுகிறார்கள். சோடாவை அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்கு வினிகரை மட்டும், தண்ணீர் கலக்காமல் எடுங்கள். அதைவிடச் செலவு குறைவு, லெமன் சால்ட் என்று கேட்டால் தருகிற சிட்ரிக் ஆசிட். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கரையுங்கள். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் குழாயின் வாயைச் சுற்றி ரப்பர் பேண்டால் கட்டி, காயாமலிருக்க மேலே ஒரு பாலிதீன் கவரை மாட்டிவிடுங்கள். அரை மணி கழித்துப் பிரித்தால் படிவு இளகியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். கெட்டியாகப் பிடித்த இடத்துக்கு இன்னொரு அரை மணி கட்டுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் பளபளப்பு முலாம் மங்கிவிடும். டைல்ஸுக்குப் பத்து நிமிடம் போதும். டைல்ஸுக்கு நடுவே உள்ள வெள்ளை சிமென்ட் கோடுகளையும் புளிப்பு அரிக்கும் என்பதால், முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அவற்றை ஊறவைத்துவிட்டு அப்புறம் தடவுங்கள்.

தரை என்ன கல் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கவலையே அதில்தான். கடப்பா கல் ஒரு சுண்ணாம்புக்கல். மார்பிளும் அதே இனம். மொசைக்கில் பதித்திருப்பது மார்பிள் சில்லு, அதைப் பிடித்து வைத்திருப்பது சிமென்ட். குழாய்க் கறையைத் தின்கிற புளிப்பு இவற்றையும் தின்னும். வினிகர் துணியிலிருந்து சொட்டியது கடப்பா பலகையில் நின்றால் வட்டமாக ஒரு மங்கல் விழும். கறை என்று நினைத்து அதை மறுபடி எலுமிச்சை வைத்துத் தேய்ப்பவர்கள் நிறையப் பேர். அங்கே கறையே கிடையாது, கல்லின் பாலிஷ் போயிருக்கிறது. எதைப் போட்டுக் கழுவினாலும் திரும்பாது, மெஷின் பிடித்து மறுபடி பாலிஷ்தான் போட வேண்டும். என்ன கல் என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். குமிழி வந்தாலோ, துடைத்த இடம் மங்கலாகத் தெரிந்தாலோ அந்தக் கல் பக்கம் வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் போகக் கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும். கிரானைட் தாங்கும்.

இப்போது அந்த 2,500 ரூபாய் ஆசாமி. அவர் விற்கப்போகும் ரகசியம் ஒரு வரிதான். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மாதம். தாய்லாந்திலிருந்து பரவிய முறை. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் வெடிக்கும். மூன்று மாதம் கழித்து உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாக அசிட்டிக் அமிலம், அதாவது வாசனை பிடித்த வினிகர். தோலை வீணாக்காமல் பயன்படுத்த நல்ல வழி, செய்து பாருங்கள். வகுப்புக்குப் பணம் எதற்கு? டீலர்ஷிப் என்றால் கேட்கவே வேண்டாம். ஐம்பது கேன் உங்கள் தலையில் கட்டப்படும், விற்காததை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

இவர்களைச் சொல்லி என்ன பயன்? நீங்கள் வாங்கும் வினிகர் பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிம எண் இருந்தாக வேண்டும். பக்கத்து அலமாரியில் இருக்கும் தரை கழுவும் திரவத்தில் ஓர் இலைப் படமும் ‘இயற்கை’ என்ற எழுத்தும் போதும், உள்ளே என்னவென்று யார் கேட்கிறார்கள்? ஆசிட் விற்பவர் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது நிரம்பாதவருக்குத் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. இன்றும் தெருவில் ‘பாத்ரூம் ஆசிட்’ என்று கூவிக்கொண்டு பழைய தண்ணீர்ப் பாட்டிலில் விற்றுப் போகிறார்கள். பதிவேடாவது ஒன்றாவது!

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இரண்டு விஷயம். வினிகரோ எலுமிச்சையோ, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், முதல் உலகப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஆயுதமாக விட்ட அதே வாயு. கதவு சாத்திய குளியலறையில் கொஞ்சம் வந்தாலே மூச்சு முட்டும். இரண்டாவது, கரைத்த சிட்ரிக் ஆசிட்டைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். சமையலறைச் சாமான்தானே என்று இருக்க வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள். வேலை முடிந்ததும் தரையை இரண்டு தடவை கழுவிவிட்டுக் குழந்தையை விடுங்கள்.

படிவு மறுபடி வரும், போர்வெல் தண்ணீர் அப்படித்தான். தண்ணீர் காயும்போதுதான் சுண்ணாம்பு ஒட்டுகிறது. கடைசியாகக் குளிப்பவர் டைல்ஸை வைப்பரால் இழுத்துவிட்டு, குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டு வந்தால், துணி கட்டும் வேலை எப்போதாவது ஒருமுறைதான் இருக்கும்.