நெட்டாலுக்குப் போனவர்

கேள்வி: "என் முப்பாட்டனார் வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறிக் கூலி வேலைக்குப் போனார் என்கிறார்கள். நூறு வருடம் கழித்து அவரைத் தேடுவதில் ஏதாவது பயன் உண்டா? தேடினால் கிடைக்குமா?"

பயன் உண்டா என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாரோ "அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு" என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நான்கு வருடம் சொன்னார்கள்.

எங்கள் ஊர் அரவக்குறிச்சிப் பக்கம். மானாவாரி மண், முருங்கையும் சோளமும்தான். எங்கள் அப்பாருவின் (எங்கள் பக்கம் தாத்தாவை இப்படித்தான் சொல்வோம்) அப்பா, அதாவது என் பூட்டன், கல்யாணமாகிக் கையில் ஒரு வயதுக் குழந்தை இருக்கும்போது ஒரு நாள் ஊரைவிட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. "பொண்டாட்டி புள்ளையை உட்டுட்டு ஓடிப்போனவன்." எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றி இருந்த வரலாறு இந்த ஒரு வரிதான். அந்தக் குழந்தைதான் எங்கள் அப்பாரு. அவர் சாகிற வரைக்கும் ஊரில் அவருக்கு "ஓடிப்போனவன் மகன்" என்ற பெயர் இருந்தது. முப்பது வயது வரை அவருக்குப் பெண் கொடுக்க ஆளில்லை.

ஒரு விஷயம் எனக்கு நேரடியாகத் தெரியும். நான் சிறுமியாக இருந்தபோது ஏதோ பட்டா வேலையாக அப்பாருவோடு போயிருந்தேன். அங்கே எழுதிக்கொண்டிருந்தவர் "தகப்பனார் பேரு?" என்று கேட்டார். அப்பாரு சொன்னார். "லேட்டா, இருக்காரா?" என்று அடுத்த கேள்வி. அப்பாரு வாயே திறக்கவில்லை. எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, எழுபதைத் தாண்டியவரின் தகப்பன் எங்கே இருக்கப் போகிறார் என்று அவராகவே 'லேட்' போட்டுக்கொண்டார். வெளியே வந்து வெகுநேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார் அப்பாரு. ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்று அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. அதை அவருக்குச் சொல்ல யாருமில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு.

1981இல் அப்பாரு இறந்தார். நான் தேட ஆரம்பித்தது 2015இல், பிள்ளைகள் வளர்ந்து கொஞ்சம் நேரம் கிடைத்த பிறகு.

முதல் இரண்டு வருடம் முழுக்க வீண். "அக்கரைச் சீமைக்குப் போனான்" என்று ஒரு பெரியவர் சொன்னதை வைத்து இலங்கைத் தேயிலைத் தோட்டம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அதோடு இன்னொரு தப்பு. எங்கள் பழைய பத்திரங்களில் எல்லாம் திருச்சி ஜில்லா என்று இருக்கும், அதனால் எங்கே பார்த்தாலும் திருச்சி என்றே தேடினேன். கரூர் தாலுகா 1910 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது என்பதும், அரவக்குறிச்சி அப்போது கரூர் தாலுகாவுக்குள் இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. கொங்குப் பக்கத்துக்காரர்கள் இதை முதலில் கவனியுங்கள். இன்றைய மாவட்டத்தை மறந்துவிடுங்கள். ஈரோடு 1979இல் வந்த மாவட்டம், திருப்பூர் 2009இல் வந்தது. உங்கள் முப்பாட்டனாருக்கு இவையெல்லாம் தெரியாது. அவர் போன வருடத்தில் உங்கள் ஊர் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று பாருங்கள்.

வழி காட்டியது எங்கள் அத்தை. அப்பாவின் அக்கா, 1936இல் பிறந்தவர். என் பூட்டியை, அதாவது ஓடிப்போனவரின் மனைவியை, பதினாறு வயது வரை பக்கத்திலேயே இருந்து பார்த்தவர். ஆண்களிடமே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவரிடம் கேட்கத் தோன்றவேயில்லை. கேட்டதும் சொன்னார்: "ஆத்தா எப்பவும் சொல்லும் அம்மிணி, அவரு நெட்டாலுக்குப் போயிருக்காருன்னு. நாங்க தாராபுரம் ரோட்டுல ஒரு பெரிய ஆலமரம் இருக்குதே, அந்த எடம்னு நெனைச்சுக்குவோம். அந்தப் பக்கம் வண்டியில போறப்ப எல்லாம் மரத்தடியில யாராச்சும் நிக்கறாங்களான்னு பாப்போம்."

நெட்டை ஆல். குழந்தைகள் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கும் அப்போது பிடிபடவில்லை. எட்டு மாதம் கழித்து என் மகன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த குறிப்பேட்டில் "1894 – காந்தி – நேட்டால் இந்தியக் காங்கிரஸ்" என்ற வரியைப் பார்த்தேன். கையில் இருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தைக்குப் போன் செய்தேன்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. ட்ரூரோ என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல்களை டர்பனில் ஒரு பல்கலைக்கழக ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது.

இருந்தாலும் உடனே கிடைத்துவிடவில்லை. வெள்ளைக்காரர் அலுவலகத்தில் எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயரில் உள்ள 'பாளையம்' அங்கே 'பாலியம்' ஆகியிருந்தது. பூட்டனின் பெயர் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் சாமி பெயர், அதை ஐந்து விதமாக எழுதித் தேடினேன். (பெயரை இங்கே போடவில்லை. சொந்தக்காரர்கள் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள்.) கடைசியில் பெயரை விட்டுவிட்டு கோயமுத்தூர், கரூர் என்று இருந்தவர்களை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். 1904. கப்பல் உம்லாசி. வயது 30 என்று இருந்தது, எங்கள் கணக்குப்படி 26. தகப்பன் பெயர் சரி. ஊர் சரி. அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.

அத்தையிடம் தழும்பைப் பற்றி எதுவும் சொல்லாமல், "பூட்டனுக்கு ஒடம்புல ஏதாச்சும் அடையாளம் இருந்துச்சான்னு ஆத்தா சொல்லியிருக்குதா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். "மாடு முட்டி ஒரு பக்கம் புருவமே இல்லைன்னு சொல்லும்" என்றார்.

அதே வரியின் கடைசிக் கட்டத்தில் 'இறந்தார், 1906' என்று இருந்தது.

இரண்டு வருடம்கூட முழுதாக வேலை செய்யவில்லை. வெருலம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம். எதனால் இறந்தார் என்று அதில் இல்லை.

இங்கே சிலர் "ஒரு தழும்பை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள், அது வேறு ஆளாக இருக்கலாமே" என்று கேட்பார்கள். கேட்கட்டும், நானே கேட்டுக்கொண்ட கேள்விதான். சாதிக் கட்டத்தில் எங்கள் சாதி இல்லை, வேறொன்று இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சேரும்போது மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, எழுதியவர் தப்பாக எழுதியதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இன்றைக்கு 'கவெண்டர்' என்ற குடும்பப் பெயர் நிறைய இருக்கிறது. அது கவுண்டர் என்பதன் திரிபு. ஆனால் கவுண்டர் பட்டம் வடாற்காடு, சேலம் பக்கம் வேறு சாதியாருக்கும் உண்டு. அதனால் பட்டத்தை வைத்து உறவு கொண்டாடாதீர்கள். நான் ஊர், தகப்பன் பெயர், வருடம், தழும்பு நான்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு காகிதமும் இருக்கிறது.

எங்கள் பழைய காட்டை, அதாவது விளைநிலத்தை, இப்போது வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டு, அவர் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த 1903ஆம் வருடப் போக்கியப் பத்திரம். பூட்டன் மூன்று ஏக்கரை 150 ரூபாய்க்குப் போக்கியம் வைத்திருக்கிறார். பணம் கட்டினால் காடு திரும்பும். அடுத்த வருடம் கப்பலேறியிருக்கிறார். நேட்டாலில் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், அன்றைய மாற்றில் ஏழரை ரூபாய். அரிசியும் பருப்பும் தோட்டத்திலேயே கொடுப்பார்கள். 150 ரூபாய்க்கு இருபது மாதச் சம்பளம். நான் அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அவரும் போட்டிருப்பார். காட்டை மீட்கப் போனவரை ஓடிப்போனவர் என்று எழுபது எண்பது வருடம் பேசியிருக்கிறோம்.

பூட்டியைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அவர் 1952 வரை இருந்தார். புருஷன் செத்த சேதி வராததால் தாலியைக் கழற்றவில்லை. வெள்ளைச் சேலையும் கட்டவில்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்கும் அவரைச் சீர் செய்யக் கூப்பிட்டதில்லை. அவர் சுமங்கலியா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், கூப்பிடாமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அவரும் முகூர்த்த நேரத்தில் தானாகவே மாட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய்விடுவாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசுவாராம். 1906க்குப் பிறகு 46 வருடம்.

அவர் இறந்த அன்று வாசலில் பெரியவர்கள் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள் என்று அத்தை சொன்னார். மஞ்சள் குங்குமம் வைத்து எடுப்பதா வேண்டாமா என்று. பிணம் கட்டிலில் கிடக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து கோடி கொண்டு வந்தவர்கள் எந்த நிறச் சேலை வாங்கியிருக்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டையும் வாங்கி வந்திருந்தார்களாம். கடைசியில் எங்கள் அப்பாரு எழுந்து, "எங்கம்மா இதுவரைக்கும் எப்படி இருந்துச்சோ அப்படியே போகட்டும்" என்று சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். அப்பாரு கூட்டத்தில் சத்தமாகப் பேசி அத்தை பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பயன் என்று கேட்டீர்களே, 1906இல் யாராவது ஒரு கார்டு போட்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குச் சிறப்பு மலர் ஒன்றைப் புத்தகமாகப் போட்டார்கள். அதில் பங்காளிகள் எல்லோருடைய வம்சாவளியும் உண்டு. எங்கள் வீட்டுக்கு விவரம் சேர்த்துக் கொடுத்தது முழுக்க நான். குடும்பவாரியாகக் கோயிலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, "கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு இந்தக் கோயில் கணக்கு எதுக்கு" என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு தம்பியை அனுப்பிப் பார்க்க வைத்தேன். மலர் அச்சாகி வந்தபோது அப்பாவுக்கு நேராகத் தம்பி பெயர் மட்டும் இருந்தது. நான் இல்லை, அத்தை இல்லை, பூட்டி இல்லை. எந்த வீட்டிலும் ஒரு பெண் பெயர்கூட இல்லை. பூட்டன் பெயருக்குப் பக்கத்தில் '1906இல் நேட்டாலில் காலமானார்' என்று போடச் சொல்லியிருந்தேன், அதையும் எடுத்துவிட்டார்கள். மலரைப் பார்த்துக்கொண்ட பெரியப்பா முறைக்காரரிடம் கேட்டேன். "கூலிக்குப் போனாருன்னு அச்சடிச்சா நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் என்ன நெனைப்பான்" என்றார். ஓடிப்போனவர் என்று ஊரே வாயால் பேசியபோது வராத கூச்சம் இப்போது வந்துவிட்டது. கடன் அடைக்க உழைக்கப் போனது எந்த விதத்தில் அவமானம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நேட்டால், பிஜி, மொரீசியஸ் என்றால் ஆள்வாரியாகப் பதிவுகள் இருக்கின்றன. மொரீசியஸில் மோகா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பலருடைய புகைப்படம்கூட இருக்கிறது. இலங்கை, மலேயாவுக்குக் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி) கூட்டிப் போனவர்கள் என்றால் கஷ்டம், இப்படித் தனித்தனிப் பட்டியல் கிடைப்பது அரிது. வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எந்த ஊரில் யார் என்ன உறவு என்று அதைப்போல எதுவும் சொல்லாது. பொங்கலுக்கு முன்னால் வரும் காப்புக் கட்டுக்கு வீடு சுத்தம் செய்யும்போது பழைய காகிதக்காரரிடம் போனவைதான் எங்கள் வீட்டில் அதிகம். யாராவது ஒரு வார்த்தையைச் சொன்னால் அதைத் திருத்தாமல் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

2019 ஆடி அமாவாசைக்குக் கொடுமுடியில் தம்பி பூட்டனுக்குத் திதி கொடுத்தான். அத்தையையும் காரில் கூட்டிப் போனோம். ஐயர் பெயர் கேட்டபோது அத்தை பூட்டியின் பெயரையும் சேர்த்துச் சொன்னார், இரண்டு முறை.

உங்கள் முப்பாட்டனாரின் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், பழைய தாலுகா, போன வருடம் (பத்து வருடம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை) இவற்றைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். நேட்டால் பட்டியலில் நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எண்பது தாண்டிய பெண்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் அத்தை 2021இல் போய்விட்டார்.