ஆழ்கடலில் பிடிபட்ட உயிரி புதிய இனம் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

உருவ அளவை மட்டும் வைத்து அல்ல. 2018-இல் சிங்கப்பூர், இந்தோனேசிய ஆய்வாளர்கள் 'பாருணா ஜெயா 8' கப்பலில் சென்று, ஜாவாவுக்குத் தெற்கே ஆழ்கடலில் 14 நாட்கள் ஆய்வு நடத்தினர். அப்போது ஏறத்தாழ 950 முதல் 1,260 மீட்டர் வரையிலான ஆழத்தில் கிடைத்த ஐசோபாடு (ஏழு இணைக் கால்கள் கொண்ட பிரிவு) வகை ஓட்டுடலி ஒன்றின் நீளம் 36 சென்டிமீட்டர். 'கடல் கரப்பான்' என்று செய்திகளில் பரவிய இது பூச்சியே அல்ல. நண்டு, இறால் ஆகியவற்றின் உறவு.

ஆல்கஹாலில் பதப்படுத்தினால் நிறம் மங்கிவிடும் என்பதால், இத்தகைய மாதிரிகளைக் கப்பலிலேயே படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்பின் ஆய்வகத்தில் உணர்கொம்பின் நீளம், தலைக்கவசத்தின் வடிவம், வால்தகட்டின் விளிம்பில் உள்ள முட்களின் எண்ணிக்கையும் வளைவும் என ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, வரைந்து, ஏற்கெனவே விவரிக்கப்பட்ட இனங்களோடு ஒப்பிடுவார்கள். இந்தப் பொறுமையான ஒப்பீடுதான், என் பார்வையில், கண்டுபிடிப்பின் உண்மையான பகுதி. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே கிடைத்திருந்தும், 2020-இல் 'பாத்தினோமஸ் ராக்சாசா' என்ற புதிய இனமாக இது வெளியிடப்பட்டதற்கு அதுவே அடிப்படை.

பெயர் சூட்டும்போது ஒரு மாதிரியை மூல மாதிரியாக அறிவித்து அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் ஆய்வாளர்கள் அதையே எடுத்துப் பார்ப்பார்கள்.