பழைய வீட்டுச் சுவத்துல விரிசலா? கேளுங்க, சொல்றேன்

சிங்கப்பூர்ல கட்டட ரிப்பேர்தான் என் பொழப்பு. போட்டோ மட்டும் அனுப்பாதீங்கப்பா, விரிசல் எங்க இருக்கு, பெருசாகுதா, அதையும் எழுதுங்க.

கேள்வி: அண்ணே, தோ பாயோல பழைய புளோக். டாய்லெட் சீலிங்ல சிமெண்டு உப்பி விரிசல் விட்டுருக்கு, பழுப்புக் கறை வேற. பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா போதுமா?

பதில்: வேணாம்கா! அது ஸ்பாலிங். வருஷக்கணக்குல காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள்ள எறங்கி, கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போயிடுது, அப்புறம் ஈரமும் சேந்து துரு புடிக்கும், துரு புடிச்ச கம்பி பருத்து உள்ளேருந்து கான்கிரீட்டைத் தள்ளும், அதான் உப்புறது. மேல பட்டி போட்டா உள்ள துரு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ஒருநாள் துண்டா தலையில விழும். லூசான கான்கிரீட்டை உடைச்சு எடுத்து, கம்பியை வயர் பிரஷ்ல தேச்சு, துரு தடுக்குற கோட்டிங் அடிச்சு, பாலிமர் மார்ட்டார் (பாலிமர் கலந்த சிமெண்டுச் சாந்து) வச்சு அடைக்கணும். மேல்வீட்டுலேருந்து தண்ணி ஒழுகுதானு மொதல்ல பாருங்க, ஒழுகுனா அதை நிறுத்தாம எதைச் செஞ்சாலும் வீண். 1997 வரைக்கும் கட்டுன வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுங்களுக்கு எச்ஐபிங்கிற வீட்டு மேம்பாட்டுத் திட்டம் உண்டு, புளோக்ல 75% பேர் ஓட்டுப் போட்டா நடக்கும், ஸ்பாலிங் ரிப்பேர் சிட்டிசனுக்கு இலவசம். ஆனா கட்டி தொங்குதுன்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க.

கேள்வி: ஈசூன், ஹால்ல தூணும் சுவரும் சேர்ற எடத்துல நேர்க்கோடா மயிரிழை மாதிரி விரிசல். பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க தம்பி. செங்கலும் கான்கிரீட்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரியாது, அதான் கோடு. ரெண்டு முனையிலயும் பென்சில்ல தேதி போட்டு மாசாமாசம் பாருங்க, நகரலைன்னா லேசா கீறிவிட்டு இழுபடுற ஃபில்லர் வச்சிடலாம். கல்லு மாதிரி எறுகுற சிமெண்டை வச்சா திரும்ப விரிசல் விடும்.

கேள்வி: சிராங்கூன் கார்டன்ஸ்ல லேண்டட் வீடு, அதான் தரையோட இருக்குற தனி வீடு சார். பின்னாடி இழுத்துக் கட்டுன கிச்சன் சேர்ற எடத்துல விரிசல், காசு நுழையுது, மேல போகப்போக அகலம்.

பதில்: இது எனக்குப் பிடிக்கலை. மேல அகலமா இருந்தா புது அஸ்திவாரம் தனியா எறங்குதோனு சந்தேகம். அடுக்குமாடிக்கு 10 வருஷத்துக்கு ஒரு தடவை பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) உத்தரவுல சோதனை நடக்கும், 1986ல ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிஞ்சு 33 பேர் செத்த பிறகு வந்த சட்டம் அது, ஆனா குடியிருக்குற தனி வீட்டுக்கு அது கிடையாது, யாரும் வந்து பாக்க மாட்டாங்க. நீங்களே புரொஃபஷனல் எஞ்சினியர் (PE) லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்க. காண்ட்ராக்டர் பேச்சை மட்டும் கேட்டு அடைச்சிடாதீங்க, அவருக்கு அடைக்கிறதுலதான் காசு.

கேள்வி: தேக்கா பக்கம் கடைவீடு, சிமெண்டு பூசுனா பூசுன எடமே கழண்டு வருது.

பதில்: பழைய சுண்ணாம்புச் சுவரா இருக்கும். சிமெண்டு ஈரத்தை வெளிய விடாது. சுண்ணாம்புச் சாந்தே பூசுங்க.

கேள்வி: வீவக வீடு, கிச்சன் சுவர்ல விரிசல் இருக்கு, பேசாம சுவரையே ஹேக் பண்ணி உடைச்சிடலாமா?

பதில்: வீவக பெர்மிட் இல்லாம சுத்தியல எடுக்காதீங்க. தூண், பீம் பக்கமே போகக்கூடாது.