தைரொக்சின் குளிசையும் நெஞ்சுப் படபடப்பும்: கேள்வி பதில்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக வேலை செய்கிறேன். தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுக்கும் பலர் பாமசி யன்னலடியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் குளிசை தொடங்கினதிலயிருந்து நெஞ்சு அடிக்குது, காரணமில்லாமல் பயமாக் கிடக்கு. விட்டுப் பார்க்கலாமோ?" அதைப் பற்றிய கேள்விகளுக்குத்தான் இன்று பதில் சொல்கிறேன். குளிசை, நேரம், மற்ற மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்பவை என் துறை. அளவை மாற்றுவது உங்கள் டொக்டரின் வேலை.

கொக்குவிலிலிருந்து ஒரு தங்கச்சி: 50 மைக்ரோகிராம் தொடங்கி மூன்று கிழமை. நெஞ்சு படபடக்கிறது, கை லேசாக நடுங்குகிறது, இரவில் திடுக்கிட்டு எழும்புகிறேன். குளிசை எனக்கு ஒத்துவரவில்லையா?

தங்கச்சி, தைரொயிட் குறைந்திருந்த காலம் முழுவதும் உங்கள் இதயம் மெதுவாக அடித்துப் பழகிவிட்டது. ஹோர்மோன் ஏற ஏற அது வழமையான வேகத்துக்கு வரும். வெளியில் பார்த்தால் சாதாரண வேகம்தான், ஆனால் உங்களுக்கு ஓட்டம் போலத் தெரியும். பலருக்கு இது சில கிழமைகளில் அடங்கிவிடுகிறது. தைரொயிட் குறைவே பதகளிப்பைக் கொண்டுவரும் என்பதையும் யோசியுங்கள். குளிசைக்கு முன்பும் இந்தப் பயம் கொஞ்சம் இருந்ததா?

தைரொக்சினின் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். ஒரு அளவு இரத்தத்தில் நிலைப்பட ஆறு கிழமை வேண்டும். அதனால்தான் டொக்டர் ஆறு தொடக்கம் எட்டு கிழமையில் ரிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்; உடம்பில் தைரொக்சின் கூடினால் இது இறங்கும், குறைந்தால் ஏறும்) இரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார். இன்று காலை போட்ட குளிசை இன்று பின்னேரமே பயத்தைத் தராது, நாளைக்கு விட்டால் நாளைக்கே பயம் போகவும் போகாது.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். படபடப்பு வரும்போது கதிரையில் இருந்து, மணிக்கூட்டைப் பார்த்து, மணிக்கட்டு நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கை, நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள் என்பதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். சும்மா இருக்கும்போதே 100க்கு மேல் நின்றால் ஆறு கிழமைவரை காத்திராமல் டொக்டரிடம் காட்டுங்கள். அடி விட்டு விட்டு ஒழுங்கில்லாமல் வந்தாலோ, நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு அம்மா: 100 மைக்ரோகிராம் எடுக்கிறேன். போன வருடம் 60 கிலோ, இப்போது 46. ரிஎஸ்எச் 0.08. வேர்வை, நித்திரை இல்லை, எடுத்ததற்கெல்லாம் பயம். பிள்ளைகள் "அம்மா யோசிக்கிறது கூட" என்கிறார்கள்.

அம்மா, இதை யோசனை என்று தள்ளிவிட முடியாது. ரிஎஸ்எச் சாதாரணமாக 0.4 தொடக்கம் 4 வரை இருக்கும், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சிறிது மாறும். உங்களுடையது மிகத் தாழ்ந்துவிட்டது. அதாவது உடம்பில் ஹோர்மோன் கூடிக் கிடக்கிறது. சுரப்பி வேலையே செய்யாத ஒருவருக்குக்கூட முழு அளவு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் அளவில்தான் வரும். 46 கிலோவுக்கு அது 75க்குக் கிட்ட. 60 கிலோவில் சரியாக இருந்த 100 இப்போது உங்களுக்குக் கூடுதல். மெலிவு, வேர்வை, நித்திரையின்மை, பயம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றே எனக்குத் தெரிகிறது. இப்படியே விட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடலாம், எலும்பும் தேயும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் இந்தக் கிழமையே றிப்போட்டோடு போங்கள். தைரொயிட் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு மட்டும் டொக்டர் வேண்டுமென்றே ரிஎஸ்எச்சைத் தாழ்த்தி வைப்பதுண்டு. நீங்கள் அப்படியானவர் என்றால் போனவுடன் அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அம்மாவின் பயத்துக்கு இரத்தத்தில் காரணம் இருக்கிறது. அவவோடு கூடப் போங்கள்.

சங்கானையிலிருந்து ஒருவர்: படபடப்பு என்பதால் 100ஐப் பாதியாக்கிப் போடுகிறேன். சரியா?

சரியில்லை. முதலில் ரிஎஸ்எச் பாருங்கள். உங்களுக்கு இப்போதைய 100ஏ குறைவாகவும் இருக்கலாம்.

சுன்னாகத்திலிருந்து ஒரு அக்கா: விடிய ஐந்து மணிக்குத் தேத்தண்ணியோடுதான் குளிசை. பிழையா?

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும். பாலும் கோப்பியும் குளிசை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு அண்ணா: இப்படிச் சொல்லிச் சனத்தைப் பயப்படுத்த வேண்டாம். என் அம்மா வருடக்கணக்காகப் பால் தேத்தண்ணியோடுதான் போடுகிறா. ரிஎஸ்எச் ஒழுங்காக இருக்கிறது. பதகளிப்புக்காரருக்கு இன்னொரு கட்டுப்பாடு எதற்கு?

அண்ணா, உங்கள் அம்மாவின் றிப்போட்டை நம்புகிறேன். அவ ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிச் செய்கிறா. தேத்தண்ணியால் வீணாகும் பங்கையும் சேர்த்துத்தான் டொக்டர் அளவைக் கூட்டி நிறுத்தியிருக்கிறார், அவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். அவவுக்குப் பழக்கத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. சுன்னாகத்து அக்காவுக்கு முறையைச் சொன்னேன், ஏனென்றால் ஒரு நாள் தேத்தண்ணியோடு, ஒரு நாள் தண்ணீரோடு, ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு என்று போடுபவர்களுக்கு ரிஎஸ்எச் ஏறி இறங்கும். அளவும் அதன் பின்னால் ஏறி இறங்கும். அந்த அலைச்சலில் மனமும் நிலைகொள்ளாது.

பருத்தித்துறை அண்ணா மீண்டும்: அப்போ ஒழுங்காக இருந்தால் தேத்தண்ணி பிரச்சினை இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

ஏற்கெனவே நிலைப்பட்டவருக்கு, ஓம். புதிதாகத் தொடங்குபவர் ஏன் வீணாகும் முறையில் தொடங்க வேண்டும்? வீட்டில் பால்மா முடிந்த நாளில், ஊரை விட்டுப் போன நாளில் அந்த ஒழுங்கு உடைந்துவிடும். தண்ணீர் எங்கும் கிடைக்கும்.

மானிப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: இதை வாசித்ததும்தான் யோசிக்கிறேன். நானும் பால் தேத்தண்ணியோடு போட்டவள். பக்கத்து வீட்டு அன்ரி சொல்லி இரண்டு மாதமாகத் தண்ணீரோடு போடுகிறேன். அளவு மாறவில்லை. ஆனால் இப்போதுதான் படபடப்பும் பயமும்.

அண்ணாவுக்கும் எனக்கும் நடந்த விவாதத்தில் சொல்லாமல் விட்டிருக்கக்கூடாத விஷயம் இதுதான், நீங்கள் கேட்டது நல்லது. முறையைத் திருத்தும்போது அதே குளிசை முன்னைவிடக் கூடுதலாக உடம்பில் சேரும். வெளியில் 100தான், உள்ளே போவது கூடிவிட்டது. அன்ரி சொன்னது சரி, ஆனால் மாற்றத்தை டொக்டருக்குச் சொல்லி ஆறு கிழமையில் இரத்தம் பார்த்திருக்க வேண்டும். இப்போதே பாருங்கள். பழைய முறைக்குத் திரும்பவும் வேண்டாம், குளிசையை நிறுத்தவும் வேண்டாம். பருத்தித்துறை அண்ணா, அம்மாவின் பழக்கத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம்தான்.

காரைநகரிலிருந்து ஒருவர்: பிளேன்ரீ என்றால் பரவாயில்லையா?

அதற்கும் அரை மணி நேரம்.

நல்லூரிலிருந்து ஒரு அன்ரி: விடிய அவசரம். இரவில் போடலாமா?

போடலாம். கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணி நேரம் கழிய வேண்டும். நித்திரை குழம்பினால் காலைக்கே மாறுங்கள். தேத்தண்ணி, நேரம் பற்றிய மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் மேலே இருக்கிறது, தயவுசெய்து அதை வாசியுங்கள்.

கோப்பாயிலிருந்து ஒரு தங்கச்சி: ரிஎஸ்எச் 0.02, ரி4 (இரத்தத்தில் உள்ள தைரொக்சின் அளவு) கூட. ஆனால் 25தான் போடுகிறேன். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய முடி வளரும் விற்றமினும் எடுக்கிறேன்.

அந்தப் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் என்று இருக்கும். அது உடம்பில் ஹோர்மோனைக் கூட்டுவதில்லை. சில ஆய்வுகூட முறைகளில் றிப்போட்டைத்தான் பிழையாகக் காட்டும்: ரிஎஸ்எச் தாழ்ந்தும் ரி4 கூடியும் வரும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்தி இரத்தம் கொடுங்கள், டொக்டரிடமும் சொல்லுங்கள். அந்த றிப்போட்டை வைத்துத் தைரொக்சினை நிறுத்தாதீர்கள்.

உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி: அம்மா எடுக்கும் புறொப்ரனலோல் (இதய வேகத்தைக் குறைக்கும் குளிசை) படபடப்புக்கு நல்லது என்றார்கள். ஒன்று போடவா?

வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. தேவையா என்று டொக்டர் பார்த்துத் தருவார்.

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு அக்கா: தைரொயிட்டுக்குக் கூடாது என்கிறார்கள், மரவள்ளி, கோவா விடவேண்டுமா? கடற்பாசிக் குளிசை நல்லதா?

அவித்துச் சமைத்து அளவாகச் சாப்பிடலாம். கடற்பாசிக் குளிசை வேண்டாம், கூடுதல் அயடீன் நோயைக் குழப்பும். அயடீன் உப்பே போதும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு அண்ணா: ரிஎஸ்எச் 2.1. மூன்று முறை பார்த்தாயிற்று. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, செத்துவிடுவேன் போலிருக்கிறது. குளிசையை விடவா?

அண்ணா, விடாதீர்கள். இதயத்தை ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரத்தச்சோகை பார்த்தார்களா? ஆஸ்துமாவுக்கு சல்பியூட்டமோல் இழுக்கிறீர்களா, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பி? இவையெல்லாம் சரி என்றால் அது பெரும்பாலும் பதகளிப்பு நோயாக இருக்கும். தைரொயிட்டோடு சேர்ந்தே இருக்கலாம், ஆனால் அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும், வைத்தியம் உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போவதில் குறைவு ஒன்றுமில்லை. பிரஷருக்குக் கிளினிக் போவதைப் போலத்தான் அதுவும். போக மனம் வராத இரவில் 1926க்கு எடுத்துக் கதையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். பதகளிப்புக்குச் சேர்ட்ரலின் போன்ற மருந்து தொடங்கினால் தைரொக்சின் தேவை கூடலாம் என்பதால் ரிஎஸ்எச்சை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் அந்த இறுக்கம் வந்தால் மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டுங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் உச்சம் இறங்கும்.

ஒரு கர்ப்பிணி, புன்னாலைக்கட்டுவன்: பயமாக இருக்கிறது, நிறுத்தவா?

நிறுத்தவே வேண்டாம். கர்ப்பத்தில் தேவை கூடும். இன்றே மிட்வைபிடமோ டொக்டரிடமோ சொல்லுங்கள்.

இளவாலையிலிருந்து ஒருவர்: கந்தசஷ்டி ஆறு நாளும் விட்டால்?

வேண்டாம். ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு விரதத்தைத் தொடருங்கள்.

அச்சுவேலியிலிருந்து ஒரு அக்கா: இரத்தம் கொடுக்கும் அன்று குளிசையைப் போட்டுவிட்டுப் போகலாமா?

இரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போடுங்கள். முன்னமே போட்டால் சில மணி நேரத்துக்கு ரி4 கூடித் தெரியும். அன்றைய குளிசையைக் கடதாசி உறையோடு கையில் கொண்டுபோங்கள், ஒரு போத்தல் தண்ணீரும்.